ஷிப்டுக்கு ஒரு காய்

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கெல்லாம் நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். அதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கி, "சாப்ட்டியா, என்ன கொழம்பு வெச்ச" என்று பேச்சை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டாள். எனக்குப் பதில் உடனே வராது. யாராவது ஒன்று கேட்டால் இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போதுதான் நல்ல பதில் தோன்றும். அப்போது கேட்டவர் எதிரில் இருக்க மாட்டார். அதனால்தான் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. முப்பது வருஷமாக இந்தக் கை மிஷினில் பட்டன் அழுத்தியதுதான் அதிகம்.

நீ சொன்னது இதுதான். "ஒரே வீட்ல இருந்துகிட்டு மூஞ்சியே பாத்துக்கலன்னா எதுக்குப்பா கல்யாணம்? லைன் லீடர் வேணாம்னு சொல்லிட்டு, பேசாம வேலையவே விட்டுடறன்." வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனியில் பதில் சொல்ல வேண்டும் என்றாய். லைன் லீடர் ஆனால் மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். மாப்பிள்ளைக்கோ எலக்ட்ரானிக் சிட்டியில் அமெரிக்காக்காரன் விழித்திருக்கும் நேரம்தான் வேலை நேரம். நீ கிளம்பும்போது அவர் பல் துலக்குவார், நீ வரும்போது அவர் இருக்க மாட்டார். உன் மாமியார் விட்டுவிடு என்கிறார், சம்பந்தி விட்டுவிடு என்கிறார், உன் பிரண்டுகளும் அதையே சொல்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். மாப்பிள்ளையை யாராவது வேலையை விடச் சொன்னார்களா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

விடு என்றோ விடாதே என்றோ நான் சொல்லப் போவதில்லை. வேலை பிடிக்கவில்லை என்றால் இன்றைக்கே விட்டுவிடு. ஆனால் அந்த வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு முதல் நாள் நீ அனுப்பிய போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. பிடிக்காத வேலைக்குப் போகிறவள் அப்படிப் பல்லைக் காட்ட மாட்டாள். நீ சொன்ன காரணம் மூஞ்சி பார்ப்பதில்லை என்பது. அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது. நானும் உன் அம்மாவும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காமல் குடும்பம் நடத்தியவர்கள். அதுவும் சந்தோஷமாக.

ராயக்கோட்டை ரோட்டில் நாம் இருந்த அந்த வாடகை வீடு உனக்கு நினைவிருக்கும். நான் ஒரு கம்பெனி, உன் அம்மா வேறு கம்பெனி. என் முதல் ஷிப்ட் மதியம் இரண்டுக்கு முடியும், அவளுடைய இரண்டாம் ஷிப்ட் மூன்றரைக்குத் தொடங்கும். நான் விடியற்காலையில் வீட்டை விட்டுப் போகும்போது நீங்கள் இருவரும் போர்வைக்குள் இருப்பீர்கள். நம் ஊர் மார்கழிப் பனியில் எழுந்திருக்க யாருக்கு மனசு வரும். அவள் வேலை முடிந்து வரும்போது நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். மறுவாரம் ஷிப்ட் மாறும், நாங்கள் இடம் மாறிக்கொள்வோம். கம்பெனி பஸ்சின் ஜன்னல் வழியாக மனைவியைப் பார்த்துக் கையாட்டியவன் நான். ஒரு தடவை வேறு யாரோ ஒரு அம்மாவுக்குக் கையாட்டிவிட்டு, அதற்கு ஒரு வாரம் பேச்சு வாங்கினேன்.

முதலில் சீட்டு எழுதி வைத்துக்கொண்டோம். கல்யாணமான புதிதில் அந்தச் சீட்டெல்லாம் பிரியமாகத்தான் இருந்தது. போகப் போக "பால் வாங்கவும்" ஆயிற்று. அப்புறம் "பால் ஏன் வாங்கவில்லை" ஆயிற்று. ஒரு நாள் நான் பதிலுக்கு "வாங்கினேன், பூனை குடித்தது, பூனையைக் கேள்" என்று எழுதி வைத்தேன். அதோடு சீட்டுப் பழக்கம் முடிந்தது. கம்பெனியில் நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு வீட்டிலும் நோட்டீஸ் போர்டைப் பார்ப்பது யாருக்குப் பிடிக்கும்.

அதன் பிறகுதான் ஆடு புலி ஆட்டம் வந்தது. மிஷின் வந்து இறங்கிய பெட்டியின் பிளைவுட் துண்டு ஒன்றை உன் அம்மா அரிசி டிரம்முக்கு மூடியாக வைத்திருந்தாள். ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் நான் அதில் மார்க்கர் பேனாவால் கட்டம் கிழித்தேன். ஆட்டுக்கு வாஷர், புலிக்கு நட்டு. கம்பெனியிலிருந்து எடுத்து வந்தேன் என்று நினைக்காதே, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர் கடையில் காசு கொடுத்து வாங்கியது. அவளுக்கு ஆடத் தெரியாது, சொல்லிக்கொடுக்கலாம் என்று பெருமையாக உட்கார்ந்தேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆடு மேய்ச்சலுக்குப் போன நேரமெல்லாம் பாறையில் இதே கட்டத்தைக் கிழித்து ஆடியவள் அவள். பதினைந்து ஆட்டை வைத்து என் மூன்று புலியையும் ஒரு மூலையில் கொண்டுபோய் அடைத்துவிட்டாள். இன்னொரு ஆட்டம் என்றேன். பாதி ஆட்டத்தில் எனக்கு நைட் ஷிப்ட் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. உனக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று பலகையை பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் ஒரு ஆடு இடம் மாறி இருந்தது. உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு உன் அம்மா வேலைக்குப் போய்விட்டிருந்தாள். யூனிபார்மைக் கூடக் கழற்றாமல் அந்த பிரிட்ஜ் முன்னால் நின்று யோசித்தேன். அப்புறம் ஒரு புலியை நகர்த்திவிட்டுத் தூங்கப் போனேன்.

அவ்வளவுதான் சங்கதி. ஷிப்டுக்கு ஒரு காய். ஒருத்தர் வீட்டில் இல்லாதபோது மட்டும் மற்றவர் நகர்த்தலாம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் இருந்தால் பலகையைத் தொடக்கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. இந்தச் சட்டத்தை யாரும் போடவில்லை, தானாக வந்துவிட்டது. ஒரு ஆட்டம் முடிய மாதக் கணக்கில் ஆகும். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பிரிட்ஜ் மேல்தான் கண் போகும். அவள் அவசரமாக நகர்த்தியிருந்தால் அன்றைக்கு பஸ்சுக்கு ஓடியிருக்கிறாள் என்று அர்த்தம். யோசித்து வைத்திருந்தால் நீ நன்றாகத் தூங்கியிருக்கிறாய், அவளுக்குக் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கிறது. மடத்தனமான இடத்தில் ஆட்டை வைத்திருந்தால் உடம்பு சரியில்லை. அப்படி ஒரு நாள் பார்த்துவிட்டு நான் மாத்திரை வாங்கி வைத்தேன். காய்ச்சல் என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று அவள் இன்றுவரை கேட்கவில்லை.

புலி ஒரு ஆட்டைத் தாண்டி வெட்டினால், அந்த வாஷரை அவள் அடுத்து எடுத்துப் போகும் டிபன் பாக்ஸில் போட்டுவிடுவேன். சாதத்துக்குள் இல்லை, மேல் தட்டில் ஊறுகாய் பக்கத்தில். மதியச் சாப்பாட்டில் திறந்தால் தெரியும், வீட்டில் ஒரு ஆடு போய்விட்டது என்று. அவள் லைனில் இருந்த பெண்களெல்லாம் எட்டிப் பார்த்து, "இன்னிக்கும் வெட்டிட்டாரா?" என்று கேட்பார்களாம். ஒரு நாள் அந்த வாஷரை எடுத்து வைக்க மறந்து டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வந்துவிட்டாள். கேட்டில் செக்யூரிட்டி அம்மா பாக்ஸைக் குலுக்கிப் பார்த்திருக்கிறார். டங்கென்று சத்தம்.

"என்னம்மா இது, உள்ள இருந்து எடுத்துட்டுப் போறியா?"

"இல்லீங்கக்கா, இது எங்க வூட்டு ஆடு."

"என்னாது?"

"ஆடுங்க. எங்க வூட்டுக்காரரு வெட்டிட்டாரு."

சூப்பர்வைசர் வரைக்கும் விஷயம் போய், உன் அம்மா ஒரு காகிதத்தில் கட்டம் வரைந்து காட்டி, செக்யூரிட்டி அம்மாவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "உம் புருசன் இங்க வெட்டியிருக்கவே கூடாது, நடுவுல உட்டுட்டாரு" என்று சொல்லி அனுப்பினாராம். அதற்கப்புறம் தினமும் கேட்டில் ஆட்டு விசாரிப்பு நடக்கும். நான் அந்த அம்மாவைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் சொல்லிக் கொடுத்துத்தான் உன் அம்மா இரண்டு ஆட்டம் ஜெயித்தாள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்தக் கதையில் நீ எங்கே வருகிறாய் என்று கேட்கிறாயா? வருகிறேன். நீ எல்.கே.ஜி. போன வருஷம். மதியம் உன் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வருவாள். என் பஸ் வரும், நான் இறங்குவேன், உன் கையை வாங்கிக்கொள்வேன். அவள் பஸ் வரும், அவள் ஏறிவிடுவாள். ஸ்டாப்புக்கு எதிரில் மஞ்சண்ணா பேக்கரி. ஹாசனிலிருந்து வந்து நம் ஊரில் கடை போட்டவர். தமிழில் கேட்டாலும் கன்னடத்தில்தான் பதில் சொல்வார். வேலை நாளில் அந்தப் பத்து நிமிஷம்தான் நாம் மூன்று பேரும் சேர்ந்திருந்த நேரம். நான் கேட்பது, "கரண்டு பில் கட்டியாச்சா?" அவள் சொல்வது, "பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுது, ஐஸ் வாங்கிக் குடுக்காதீங்க." பெரிய காதல் வசனம் ஒன்றும் இல்லை.

மறுநாளைக்கு ஓ.டி. என்று கம்பெனியில் சொன்னால், தூங்குகிறவளிடம் அதைச் சொல்ல வழியில்லை, எங்களிடம் போனும் கிடையாது. அதற்கும் பலகைதான். காலையில் போகும்போது ஒரு புலியைத் தூக்கி ஒரு ஆட்டின் மேல் உட்கார வைத்துவிட்டால், அன்றைக்கு நான் மதியம் வர மாட்டேன் என்று அர்த்தம். அதைப் பார்த்தால் உன்னைப் பக்கத்து வீட்டு ஷாகிதா அக்காவிடம் விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போவாள். ரொம்ப நாள் இது சரியாக நடந்தது.

அன்றைக்கும் வைத்தேன். வைத்துவிட்டுப் போனது இப்போதுகூட என் விரலுக்கு நினைவிருக்கிறது. ஆனால் உன் அம்மா பார்த்தபோது புலி அதன் இடத்தில் இருந்தது, ஆடு அதன் இடத்தில் இருந்தது. அவள் வழக்கம்போல உன்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டாப்புக்கு வந்தாள். அவள் பஸ் வந்துவிட்டது, என் பஸ் வரவில்லை. ஜூஜுவாடி செக்போஸ்ட் வரைக்கும் லாரி வரிசை நின்றால் என் பஸ் கொஞ்சம் பிந்துவது சகஜம். மஞ்சண்ணா, "நீவு ஹோகி, நானு நோட்கொள்தீனி" என்றிருக்கிறார், நீங்க போங்க நான் பாத்துக்கறன் என்று. ஐந்து நிமிஷம்தானே என்று அவளும் உன்னை பேக்கரி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஏறிவிட்டாள்.

நான் வந்தது பொழுது சாயும் நேரம். பேக்கரி ஷோகேஸுக்குப் பின்னால் ஒரு சாக்கு மேல் நீ உட்கார்ந்திருந்தாய். கன்னமெல்லாம் டூட்டி ஃப்ரூட்டி, அதற்கு மேல் அழுத கோடு. மஞ்சண்ணா, "அளபேடா புட்டி, அப்பா பர்தாரெ", அழாத பாப்பா அப்பா வந்துருவாரு என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போயிருந்தார். நீ என்னைப் பார்த்ததும் அழவில்லை. ஒந்து, எரடு, மூரு என்று கன்னடத்தில் எண்ணிக் காட்டினாய். உன்னைத் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தேன், கீழே இறக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குள் நடந்த சண்டை மாதிரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"பச்சப் புள்ளயத் தெருவுல உட்டுட்டுப் போயிருக்க."

"நீங்க புலிய ஒழுங்கா வெச்சிருந்தா நான் ஏன் ஸ்டாப்புக்குப் போறன்?"

"வெச்சன்."

"வெக்கல. பொய் சொல்லாதீங்க."

பலகை பிரிட்ஜ் மேலேயே கிடந்தது. அவளும் தொடவில்லை, நானும் தொடவில்லை. தூசு படிந்தது. மறுபடியும் சீட்டு எழுதினோம். பால், கேஸ், வாடகை. வீட்டுக்குள் நுழைந்தால் எல்லாம் இருக்கும், களி செய்து மூடி வைத்திருப்பாள், என் சட்டையை மடித்து வைத்திருப்பாள். ஆனால் அவள் அந்த வீட்டில் இருந்தாள் என்பதே தெரியாது. லாட்ஜில் ரூம் எடுத்த மாதிரி இருந்தது. அவளை நான் எவ்வளவு தேடுகிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஷிப்ட் அதே ஷிப்ட்தான், நேரம் அதே நேரம்தான். அதுவரை அவள் இல்லாத வீட்டிலும் அவள் கை பட்டது தெரிந்துகொண்டே இருந்தது, இப்போது தெரியவில்லை. மூஞ்சி பார்க்காமல் இருப்பது என்றால் என்ன என்று எனக்கு அந்தச் சில வாரங்களில்தான் புரிந்தது.

அப்புறம் ஒரு நாள் ஸ்டாப்பில் நான் உன் கையை வாங்கினேன். உன் அம்மா பஸ் படியில் ஒரு கால் வைத்துவிட்டாள். நீ அண்ணாந்து என்னைக் கேட்டாய்.

"அப்பா, இப்பல்லாம் புலி ஏன் ஆட்டு மேல ஏறுறதில்ல?"

"எப்பம்மா ஏறுச்சி?"

"அன்னிக்கி ஏறி உக்காந்திருந்துச்சே. நசுங்கிடும்னு நாந்தான் எறக்கி உட்டன். ஆட்டுக்கு வலிக்குமில்ல."

பிரிட்ஜ் பக்கத்தில் வேறு மூடி போட்டு வைத்திருந்த அரிசி டிரம் மேல் ஏறி நீ செய்த வேலை. உன் அம்மா படியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தாள் பார் சிரிப்பு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. எனக்கும் அடக்க முடியவில்லை. டிரைவர் ஹாரன் மேல் ஹாரன் அடிக்கிறார், பஸ்சில் இருந்த அத்தனை பேரும் பார்க்கிறார்கள். மஞ்சண்ணா எதற்கென்றே தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார். நீ ஏதோ பெரிய ஜோக் சொல்லிவிட்டதாக நினைத்து மறுபடி மறுபடி அதையே சொன்னாய். வீட்டுக்கு வந்து பலகையைத் துடைத்தேன். என் முறையா அவள் முறையா என்று மறந்துவிட்டிருந்தது. பரவாயில்லை என்று நானே ஒரு புலியை நகர்த்தினேன். மறுநாள் காலையில் ஆடு பதில் சொல்லியிருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு அப்பா ஷிப்ட் வாழ்க்கை சொர்க்கம் என்கிறார் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ முதன்முதலாக சைக்கிள் ஓட்டியதை நான் பார்க்கவில்லை. உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நீ ரோஜாப்பூ வேஷம் போட்டபோது நான் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதெல்லாம் போனது போனதுதான், எந்தப் பலகையும் அதைத் திருப்பித் தராது. கஷ்டத்தை மறைத்து உனக்கு ஆசை காட்டினால் அது ஏமாற்று வேலை. கஷ்டமும் இருந்தது, அதோடு இதுவும் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது நாங்கள் இருவரும் ரிட்டயர் ஆகிவிட்டோம், பகல் முழுக்க ஒரே வீட்டில். ரிட்டயர் ஆன புதிதில் ஆசையாக எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆடிப் பார்த்தோம். சகிக்கவில்லை. அவள் ஒரு காய்க்கு அரைமணி நேரம் யோசிக்கிறாள். நான் விரலால் தரையில் தட்டுகிறேனாம், அது அவளுக்கு ஆகவில்லையாம். எனக்கு அவள் ஆட்டைத் தொட்டுவிட்டு வைத்துவிட்டு மறுபடி தொடுவது ஆகவில்லை. இரண்டாவது நாளே பலகை பழையபடி பிரிட்ஜ் மேல் ஏறிவிட்டது. அதனால்தான் காலையில் நான் மஞ்சண்ணா பேக்கரிக்கு டீ குடிக்கப் போகிறேன். வீட்டில் டீ கிடைக்காது என்று நினைத்தாயா? நான் வெளியே போனால்தான் அவள் நகர்த்துவாள். சாயங்காலம் அவள் ரோஜாத் தொட்டிக்கு எரு வாங்குகிறேன் என்று கிளம்புவாள், தொட்டி நாலுதான் இருக்கிறது, வாரம் மூன்று தடவை எரு. எதற்கு என்று நான் கேட்பதில்லை. உன் அம்மாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும் பாப்பா. இதை நான் அவளிடம் வாயால் சொன்னதே இல்லை, பலகையில்தான் சொல்லியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

இதுவரைக்கும் நேற்று வீட்டில் எழுதியது. மீதியை இன்றைக்கு உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ ஷிப்டுக்குப் போன பிறகு ஸ்கூட்டரில் வந்தேன். வரும்போது கையில் ஒரு புது பிளைவுட் துண்டு, பேப்பரில் சுற்றி. கட்டம் நான் கிழித்தது, கோடு கொஞ்சம் கோணலாக இருக்கும். உன் அம்மா வாஷரையும் நட்டையும் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்து அனுப்பினாள். மாப்பிள்ளை லேப்டாப்பை மூடிவிட்டு வந்து பார்த்தார்.

"என்ன மாமா இது, வெளையாட்டா?"

ஆமாம் என்று சொல்லி ஆட்டத்தைச் சொன்னேன். திருநெல்வேலியில் இது ஆடுவார்களாம், இவர் கிரிக்கெட் ஆடப் போய்விட்டாராம். டிபன் பாக்ஸ் கதையையும் சொன்னேன். அந்த நட்டை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "அவ வேலைய விட்டுருவேன்னு சொன்னப்போ, எனக்காகத்தானேன்னு நானும் சும்மா இருந்துட்டேன் மாமா. வேலையில இருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்" என்றார். இதை நான் உன்னிடம் சொல்லக்கூடாது, அவர்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை நீ என்ன பதில் சொன்னாலும் சரி, அதற்கு முன்னால் அவரிடம் ஒரு தடவை கேட்டுவிடு.

பலகை உன் பிரிட்ஜ் மேல் இருக்கிறது, இந்தக் கடிதம் அதற்கு அடியில். ஆடு அவர், புலி நீ. முதல் ஆட்டை ஆபீஸ் கேப் வருவதற்குள் அவரே வைத்துவிட்டுப் போனார், உன் புலியின் மூக்குக்கு நேராக, பின்னால் ஒரு துணையும் இல்லாமல். பக்கத்திலேயே நின்று பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. நீ வந்ததும் கை கால் கழுவிவிட்டுப் பார். அவருடைய டிபன் பாக்ஸ் எந்த அலமாரியில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

இந்தத் தடவை ஆட்டைப் பார்த்து இரக்கப்படாதே.

அப்பா